எரோய்கா நிரந்தரப் பாதை: அமியாத்தா மலையைப் பார்த்தபடி நான்கு நாள் சரளைச் சாலைப் பயணம்

இத்தாலியின் டஸ்கனிப் பகுதியில், கயோலே இன் கியாந்தி என்னும் சிற்றூரில் தொடங்கி, திராட்சை விளையும் குன்றுகளையும் களிமண் மேடுகளையும் இடஞ்சுழியாகச் சுற்றிவந்து, மீண்டும் அதே ஊரில் முடிகிற 209 கிலோமீட்டர் சைக்கிள் பாதைக்கு எரோய்கா நிரந்தரப் பாதை என்று பெயர். இதில் ஏறக்குறைய பாதித் தூரம் தார் போடாத வெள்ளைச் சரளைச் சாலை. மொத்த ஏற்றம் 3,500 மீட்டருக்கும் மேல். நுழைவுக் கட்டணமோ முன்பதிவோ கிடையாது. ஆண்டின் எந்த நாளிலும் யாரும் எந்த சைக்கிளிலும் போகலாம். வழி நெடுக அதற்கென்றே பலகைகள் நட்டிருக்கிறார்கள். சென்ற மே மாதம் நானும் என் தம்பியும் நான்கு நாள்கள் எடுத்துக்கொண்டு இந்தப் பாதையை முழுவதுமாக ஓட்டி முடித்தோம். இதே பயணத்தைத் திட்டமிடும் ஒருவருக்கு எது பயன்படும், எங்கே பணமும் நேரமும் வீணாகும் என்பதைச் சொல்வதற்காகவே இதை எழுதுகிறேன்.

என் மதிப்பீட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தப் பாதையை ஒரே நாளில் முடித்துக் காட்டும் சாதனையாகப் பார்ப்பவர்கள் அதன் பெரும்பகுதியை இழக்கிறார்கள். சக்கரத்துக்கு அடியில் இருக்கிற மண்ணும் சாலையோரத்துத் திராட்சைக் கொடியின் வேரைப் பிடித்திருக்கிற மண்ணும் ஒன்றே என்பதுதான் இந்தச் சாலையின் தனிச்சிறப்பு. அந்த மண் நான்கு நாள்களில் மூன்று விதமாக மாறுவதைக் கைப்பிடியின் அதிர்விலேயே உணரலாம். அதற்கு நிதானமான வேகம் வேண்டும். நேரமில்லாதவர்கள் வட்டம் முழுவதையும் விட்டுவிட்டு, புவோன்கொன்வெந்தோவிலிருந்து மொந்தால்சினோ ஏறி, தொர்ரெனியேரி வழியாக அஷானோ வரை போகும் தென்பகுதியை மட்டும் ஓட்டினாலும் போதும். பாதையின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

இந்தச் சாலைகள் இன்றும் வெள்ளையாக இருப்பதற்குக் காரணமே சைக்கிள்தான். வண்டிப்பாதைகளாக இருந்த இவற்றுக்கு ஒவ்வொன்றாகத் தார் போட்டுக்கொண்டிருந்த காலத்தில், அவற்றைக் காப்பாற்ற வேண்டும் என்ற எண்ணத்துடன் ஜான்கார்லோ ப்ரோச்சி 1997-இல் கயோலேயில் எரோய்கா என்ற பயணத்தைத் தொடங்கினார். முதல் ஆண்டு கலந்துகொண்டவர்கள் 92 பேர். ஒவ்வோர் அக்டோபரிலும் நடக்கும் அந்த நிகழ்ச்சியில் 1987-க்கு முற்பட்ட வகைச் சாலை சைக்கிள்களையே அனுமதிக்கிறார்கள்: கியர் மாற்றும் நெம்புகோல் சட்டகத்தின் கீழ்க்குழாயில் இருக்க வேண்டும், பிரேக் கம்பி வெளியே தெரிய வேண்டும், மிதியில் கால்பட்டை இருக்க வேண்டும். அதே சாலைகளில் 2007 முதல் ஸ்த்ராதே பியாங்கே என்ற தொழில்முறைப் பந்தயமும், 2015 முதல் அதன் பெண்கள் பந்தயமும் நடக்கின்றன. அந்தப் பெயருக்கு வெள்ளைச் சாலைகள் என்றே பொருள். இன்று இந்தச் சாலைகளின் பெயர் உலகெங்கும் தெரிந்திருப்பதற்கு இந்த இரண்டு நிகழ்ச்சிகளே காரணம். நிரந்தரப் பாதையில் மேற்சொன்ன எந்த விதியும் இல்லை; சரளைச் சாலைக்கென்றே செய்யப்படும் புதிய கிராவல் சைக்கிளில் தாராளமாகப் போகலாம்.

சைக்கிளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் முதல் நாள் அதனால்தான் கெட்டது. வாடகைக்கு எடுத்த கடையில் கிராவல் சைக்கிள் என்று சொல்லித் தந்த இரண்டில் ஒன்றின் பின்டயர் நடுவில் முழுவதும் தேய்ந்து வழவழவென்று இருந்தது; அகலமும் 32 மில்லிமீட்டர்தான். பல்சக்கரமோ சமதளச் சாலைக்கு ஏற்றது. கேட்டபோது, பந்தயக்காரர்கள் இதைவிட மெல்லிய டயரில் போகிறார்கள் என்று பதில் வந்தது. பந்தயக்காரருக்குப் பின்னால் மாற்றுச் சக்கரத்துடன் கார் வருகிறது. பயணிக்குப் பின்னால் யாரும் வருவதில்லை. அந்தப் பதிலை நான் ஏற்றுக்கொண்டிருக்கக் கூடாது. அன்று மதியத்துக்குள் இரண்டு முறை பஞ்சரானது. மறுநாள் சியெனாவில் வேறொரு கடையில் 40 மில்லிமீட்டர் அகலமுள்ள டியூப்லெஸ் டயரை எங்கள் செலவில் வாங்கிப் போட்டுக்கொண்ட பிறகே பயணம் சீரானது. வாடகைக்கு எடுப்பவர்கள் டயரின் அகலத்தையும், மிகச் சிறிய கியரில் முன்பல்சக்கரமும் பின்பல்சக்கரமும் ஏறத்தாழச் சமமான பற்களுடன் இருக்கின்றனவா என்பதையும் முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். பை கட்டிக்கொண்டு பதினைந்து சதவீதச் சரிவில் சரளைமேல் ஏறும்போது, முன்னால் 30 பல், பின்னால் 34 பல் இருந்தும் எனக்குப் போதவில்லை என்றே தோன்றியது.

காற்றழுத்தமும் அதே அளவுக்கு முக்கியம். தார்ச் சாலைப் பழக்கத்தில் நான் காற்றை இறுக்கமாக அடித்திருந்தேன். முதல் வெள்ளைச் சாலையிலேயே சக்கரம் ஒவ்வொரு கல்லிலும் துள்ளி, இறக்கத்தில் பிடிமானம் இல்லாமல் வழுக்கியது. "அண்ணா, இன்னும் கொஞ்சம் காற்றை இறக்கிவிடுங்கள், டயர் கல்லின்மேல் படிந்து போக வேண்டும்" என்று தம்பி சொன்னான். எழுபது கிலோ எடையுள்ள எனக்கு, 40 மில்லிமீட்டர் டயரில் முன்சக்கரத்துக்கு 32, பின்சக்கரத்துக்கு 36 பிஎஸ்ஐ சரியாக அமைந்தது. அதன்பின் கல்லின் ஓசையே மாறிவிட்டது: கடகடவென்று இருந்தது, அரிசி புடைக்கும்போது எழுவதுபோன்ற மெல்லிய சரசரப்பாக அடங்கியது.

கயோலேயிலிருந்து ப்ரோலியோ கோட்டைக்கு ஏறும் சாலைதான் பாதையின் முதல் வெள்ளைச் சாலை. இருபுறமும் சைப்பிரஸ் மரங்கள் வரிசையாக நிற்க, கோட்டை மதிலை நோக்கிச் சாலை வளைந்து ஏறுகிறது. ஒன்றுபட்ட இத்தாலியின் இரண்டாவது பிரதமராக 1861-இல் பொறுப்பேற்ற பெத்தீனோ ரிக்காசோலியின் குடும்பக் கோட்டை அது. கியாந்தி ஒயினுக்குச் சாஞ்சோவேசே திராட்சையே முதன்மையாக இருக்க வேண்டும் என்று வகுத்தவரும் அவரே. கியாந்தியின் எல்லையை அதற்கு முன்பே, 1716-இல், டஸ்கனியின் பெருங்கோமகன் மூன்றாம் கோசிமோ ஆணையிட்டு வரையறுத்திருந்தார். இந்தப் பகுதியின் மண்ணில் இரண்டு வகைக் கல் உண்டு. கலேஸ்த்ரோ என்பது தகடு தகடாக உடையும் களிப்பாறை, கையில் எடுத்து அழுத்தினால் விரல்களுக்கிடையே பொடிந்துவிடும். அல்பெரேசே என்பது வெளிறிய கடினமான சுண்ணக்கல். சாலைக்கு வெண்மை தருவது இந்தச் சுண்ணக்கல்தான். கெட்டியான இந்த அடித்தளத்தின்மேல் சக்கரம் நன்றாக உருள்கிறது. சின்னக் கல் சிதறிக் கிடந்தாலும் அடியில் தரை உறுதியாக இருக்கிறது. இங்கே பயமின்றி வேகம் எடுக்கலாம், மழை பெய்தாலும் சாலை பெரிதாகக் கெடுவதில்லை.

ப்ரோலியோவைத் தாண்டிச் சியெனாவை நெருங்கும் பகுதியைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல ஒன்றும் இல்லை. கார்கள் அதிகம், சாலை குறுகல், பலகைகள் மற்ற பலகைகளின் கூட்டத்தில் மறைந்துபோகின்றன. ஆனால் நகருக்குள் ஒரு மாலையேனும் தங்கியாக வேண்டும். தொழில்முறைப் பந்தயத்தின் கடைசிப் பகுதியான சாந்தா கத்தரீனா தெரு அதிகபட்சம் 16 சதவீதச் சரிவு கொண்டது; கல் பாவிய அந்தத் தெருவில் மாலை நேரத்தில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஏறி, சிப்பி வடிவத்தில் நடுப்பக்கமாகச் சரிந்து கிடக்கும் காம்போ சதுக்கத்துக்குள் நுழையும்போது, வீரர்கள் ஏன் அங்கே வந்ததும் கைகளை உயர்த்தாமல் தரையில் சாய்ந்துவிடுகிறார்கள் என்பது விளங்குகிறது.

சியெனாவுக்குத் தெற்கே ராதி, முர்லோ என்று போகப் போக மண் மாறத் தொடங்குகிறது. குன்றுகள் உருண்டு திரள்கின்றன, கோதுமை வயல்கள் விரிகின்றன, சாலையின் நிறம் வெள்ளையிலிருந்து சாம்பலுக்குச் செல்கிறது. முர்லோவுக்கு முந்தைய ஒரு மேட்டில்தான் மோந்தே அமியாத்தாவை முதன்முதலில் தெளிவாகப் பார்த்தோம். 1,738 மீட்டர் உயரமுள்ள அந்த அணைந்த எரிமலை, சுற்றிலும் இணையாக வேறு எதுவும் இல்லாததால், தன் உயரத்தைவிடப் பெரிதாகத் தெரிகிறது. அதன்பின் இரண்டு நாள்களுக்கு ஒவ்வொரு மேட்டிலும் அது முன்னால் அல்லது பக்கவாட்டில் எழுந்து நின்றது. திசை தெரியாமல் நின்ற இரண்டு இடங்களில், அமியாத்தா எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்தே வழியைக் கண்டுபிடித்தோம்.

அந்த மலை வெறும் காட்சிப் பொருளாக நிற்கவில்லை. தெற்கிலிருந்து வரும் புயலையும் ஆலங்கட்டி மழையையும் பெரிதும் தடுத்து, மொந்தால்சினோவின் கொடிகளைக் காக்கும் அரணாக நிற்பது அதுதான். அதன் சரிவுகளில் கஷ்கொட்டை மரக்காடும், உயரே பீச் மரக்காடும் உண்டு. கிழக்குச் சரிவிலுள்ள அப்பாதியா சான் சால்வதோரேயில் ஒரு காலத்தில் பாதரசச் சுரங்கம் இயங்கியது. சியெனா நகருக்குக் குடிநீர் தருவதும் இந்த மலையின் ஊற்றுகள்தான். நகரத்துக் குழாயில் குப்பியை நிரப்பியபோது, அடுத்த நாள் பார்க்கப்போகும் மலையின் தண்ணீர்தான் இது என்ற நினைவே எங்களுக்கு ஒரு மகிழ்ச்சியாக இருந்தது.

புவோன்கொன்வெந்தோ மதில் சூழ்ந்த சிறிய ஊர். புனித ரோமானியப் பேரரசர் ஏழாம் ஹென்றி 1313-இல் இங்கேதான் இறந்தார். ஏற்றத்துக்கு முன் வயிற்றுக்கு ஏதாவது போட்டுக்கொள்ளவும் தண்ணீர் நிரப்பவும் இதைவிட நல்ல இடம் இல்லை, ஏனென்றால் இங்கிருந்து காஸ்திலியோன் தெல் போஸ்கோ வழியாக மொந்தால்சினோ வரை கடை எதுவும் எங்கள் கண்ணில் படவில்லை. ஊர் இருப்பது 150 மீட்டருக்குச் சற்றுக் குறைவான உயரத்தில். மொந்தால்சினோ இருப்பது 564 மீட்டர் உயரத்தில். கணக்குக்கு நானூறு மீட்டர்தான் என்று தோன்றும். ஆனால் ஏறியதை இரண்டு முறை இறங்கி மீண்டும் ஏற வேண்டியிருப்பதால், கால்களுக்கு அந்தக் கணக்கு பொருந்துவதில்லை.

இந்த ஏற்றத்தைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். முதலில் ஓக் மரக்காட்டு நிழல். சாலையின் நடுவில் புல் முளைத்திருக்க, இருபுறமும் சக்கரத் தடம் மட்டும் வெள்ளையாகத் தெரியும். காடு விலகியதும் சட்டென்று கொடி வரிசைகள் வந்துவிடுகின்றன. மே மாதத்தில் கொடிகளில் ஒரு சாண் நீளத் தளிர்கள். அவற்றின் இளம் இலைகளின் அடிப்புறம் வெண்பஞ்சு ஒட்டியதுபோல இருந்தது. வரிசைகளுக்கிடையே உழுதிருந்த மண்ணில் கிடந்த தகட்டுக் கற்களும் சாலையில் என் சக்கரம் நொறுக்கிக்கொண்டிருந்த கற்களும் ஒரே நிறம், ஒரே வடிவம். வளைவுகளின் உட்புறத்தில், காரின் சக்கரங்கள் சுழன்று சுழன்று அலையலையாகச் செதுக்கிய மேடுபள்ளம் உண்டு. அதில் ஏறினால் பின்சக்கரம் பிடிமானம் இழந்து வெறுமனே சுழலும். வளைவின் வெளிப்பக்கமாகச் சற்றுச் சுற்றிப் போனால் சரிவும் குறையும், தரையும் மென்மையாக இருக்கும். எழுந்து நின்று மிதிப்பதும் இங்கே உதவாது. இருக்கையின் முன்நுனியில் உட்கார்ந்து, முழங்கையைத் தளர்த்தி, உடலைக் கைப்பிடியை நோக்கித் தாழ்த்தி, சீரான வேகத்தில் சுழற்றுவது ஒன்றே வழி. எங்களைக் கடந்துபோன ஒரு டிராக்டர் ஓட்டுநர், புழுதி எங்கள்மேல் படக்கூடாதென்று வண்டியை நடைவேகத்துக்குக் குறைத்து, கையை உயர்த்திவிட்டுச் சென்றார். வாடகைக் கார்களில் வந்த சுற்றுலாப் பயணிகளில் ஒருவரும் அப்படிச் செய்யவில்லை.

மொந்தால்சினோவில் ஒரு நாள் கூடுதலாகத் தங்க முடியுமானால் தங்கிவிட வேண்டும். ப்ரூனெல்லோ என்ற ஒயினுக்காகவே உலகம் அறிந்த ஊர் இது. முழுக்க முழுக்கச் சாஞ்சோவேசே திராட்சையில் மட்டுமே செய்யப்பட வேண்டும், குறைந்தது இரண்டு ஆண்டுகள் ஓக் மரப்பீப்பாயில் இருக்க வேண்டும், அறுவடைக்குப் பின் ஐந்தாம் ஆண்டின் ஜனவரி முதல் நாளுக்கு முன் விற்பனைக்கு வரக்கூடாது என்பவை அதற்கான விதிகள். இத்தாலியின் மிக உயர்ந்த ஒயின் தகுதியை 1980-இல் பெற்றவற்றுள் இதுவும் ஒன்று. குன்றின் மேற்பகுதியில் கலேஸ்த்ரோ கல், கீழே இறங்க இறங்கக் களிமண். வடக்குச் சரிவு குளிர்ச்சி, தெற்குச் சரிவு வெப்பம். இதைப் படித்துத் தெரிந்துகொள்வதற்கும், காலையில் வடக்குச் சரிவின் நிழலில் குளிரக் குளிர ஏறிவிட்டு, முகட்டைக் கடந்த சில நிமிடங்களில் தெற்குச் சரிவின் வெயில் முகத்தில் அடிப்பதை உணர்வதற்கும் நிறைய வேறுபாடு இருக்கிறது. அன்று மாலை ஒரு தோட்டத்தில் இரண்டு சரிவுகளின் ஒயினையும் அடுத்தடுத்துச் சுவைக்கக் கொடுத்தார்கள். முதலாவது மெலிந்தும் புளிப்பு தூக்கலாகவும், இரண்டாவது கனிந்தும் கனத்தும் இருந்தன. எந்தக் கிண்ணம் எந்தச் சரிவினது என்று அவர்கள் சொல்வதற்கு முன்பே தம்பி சொல்லிவிட்டான். அவனுக்கு ஒயின் பழக்கமில்லை, ஆனால் அன்று காலை அந்த இரண்டு சரிவுகளிலும் ஏறி இறங்கியிருந்தான்.

இங்கே கட்டாயம் சொல்ல வேண்டிய ஒன்று உண்டு. இத்தாலியில் வண்டி ஓட்டுபவரின் இரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம் ஆல்கஹால்தான் வரம்பு. குடித்துவிட்டு ஓட்டும் குற்றம் சைக்கிளுக்கும் பொருந்தும். சட்டத்தை விட்டாலும், ஒரு கிண்ணம் உள்ளே போனபின் சரளை இறக்கத்தில் முன்பிரேக்கை எவ்வளவு அழுத்துவது என்ற அளவு கையை விட்டுப் போய்விடும். பெரும்பாலான தோட்டங்கள் முன்பதிவு செய்தவர்களையே சுவைக்க அனுமதிக்கின்றன. ஆகவே அன்றைய தூரத்தை முடித்து, தங்குமிடத்துக்கு நடந்து போகக்கூடிய இடத்தில் மாலை நேரத்துக்குப் பதிவு செய்துகொள்வதே முறை. வழியில் சுவைத்துத்தான் ஆக வேண்டும் என்றால், துப்புவதற்கென்று பாத்திரம் வைத்திருப்பார்கள்; அதைப் பயன்படுத்துவதில் எந்த அவமரியாதையும் இல்லை.

நிரந்தரப் பாதை மொந்தால்சினோவுக்குத் தெற்கே போகாமல் கிழக்கே திரும்பிவிடுகிறது. இதை நான் பெரிய குறையாகவே கருதுகிறேன். மலையை நோக்கி இவ்வளவு தூரம் வந்தபின் அதற்கு முதுகைக் காட்டச் சொல்வது நியாயமாக இல்லை. நாங்கள் பாதையை விட்டு விலகி, வில்லா அ டொல்லி வழியாகச் செல்லும் வெள்ளைச் சாலையில் சாந்தாந்திமோ மடாலயத்துக்கு இறங்கினோம். பாதையில் இல்லாத இந்தச் சில கிலோமீட்டர்தான் நான்கு நாள்களிலும் எனக்கு மிகவும் பிடித்த சவாரி. மேட்டின் விளிம்பில் சாலை போகும்போது, எதிரே ஓர்ச்சா ஆற்றின் பள்ளத்தாக்குக்கு அப்பால் அமியாத்தா முழுவதுமாக நிற்கிறது. காட்டின் கரும்பச்சை எங்கே தொடங்குகிறது என்பதைக்கூடப் பிரித்துப் பார்க்கலாம். கீழே ஆலிவ் மரங்களுக்கு நடுவே, பன்னிரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த அந்த ஆலயத்தின் வெளிறிய கல் வெயிலில் தேன் நிறம் கொள்கிறது. உள்ளே சென்று கல் இருக்கையில் கால் மணி நேரம் அமர்ந்திருந்தோம். சைக்கிள் காலணியின் உலோகம் தரையில் படும் ஓசைகூட அந்த இடத்துக்கு அதிகம் என்று தோன்றியதால், வெறுங்காலுடன் நடந்தோம். ஓர்ச்சா பள்ளத்தாக்கு 2004-இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அதன் வாசலில் நின்றுவிட்டுத் திரும்பாமல், ஒரு நாளையாவது அதற்கு ஒதுக்க வேண்டும். திரும்பும் ஏற்றம் கடினமானது என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

மூன்றாம் நாள் தொர்ரெனியேரிக்கு இறங்கி, லுசிஞ்ஞானோ தாஸ்ஸோ, பியேவே அ ஸால்தி என்று அஷானோவை நோக்கிப் போனோம். இது க்ரேத்தே செனேசி என்று அழைக்கப்படும் களிமண் நாடு. பல லட்சம் ஆண்டுகளுக்கு முன் கடலடியாக இருந்த சாம்பல் நிறக் களிமண் மேலெழுந்து, மழையால் அரிக்கப்பட்டு, மொட்டைக் குன்றுகளாகவும் கூர்மையான ஓடைப் பள்ளங்களாகவும் நிற்கிறது. பார்வைக்கு இவ்வளவு அழகான இடத்தில் திராட்சை மிகக் குறைவு. கோதுமையும் ஆட்டு மேய்ச்சலும்தான். காரணத்தை அன்று பிற்பகல் பெய்த மழை சொல்லிக்கொடுத்தது. இருபது நிமிட மழைக்குள் சாலையோரக் களிமண் நீரோடு இறங்கிச் சரளைமேல் பரவியது. முதலில் டயரில் மெல்லிய பூச்சாக ஒட்டியது, பின்பு ஒவ்வொரு சுற்றுக்கும் ஓர் அடுக்காகச் சேர்ந்து முன்கவட்டுக்கும் டயருக்கும் இடையே இருந்த இடைவெளியை அடைத்தது, கடைசியில் சக்கரம் சுற்றுவதையே நிறுத்திவிட்டது. தள்ளவும் முடியவில்லை. சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு, வேலியோரத்துக் குச்சியால் களிமண்ணைச் சுரண்டி எடுத்தோம். ஒரு சக்கரத்திலிருந்து மட்டும் இரண்டு கை நிறைய வந்தது. தண்ணீர் நிற்கவும் விடாமல், வடியவும் விடாமல் இழுத்துப் பிடித்துக்கொள்ளும் இந்த மண்ணில் கொடியின் வேர் மூச்சுவிட முடியாது என்பதை அதற்குமேல் எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. கியாந்தியில் இதே மழையில் நாங்கள் நிற்காமல் போயிருப்போம்.

இத்தாலியச் சுற்றுப் பந்தயம் 2010-இல் கொட்டும் மழையில் மொந்தால்சினோவுக்கு வந்தபோது, உலகச் சாம்பியனின் வானவில் சட்டையுடன் இருந்த கேடல் எவன்ஸ், அந்தச் சட்டையின் நிறமே தெரியாதபடி சேறு பூசிய உடலோடு வென்றார். அதை எண்ணி மழையில் போவதை வீரமாக நினைப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: க்ரேத்தேவில் வானம் கறுத்தால் உடனே தார்ச் சாலைக்கு மாறிவிடுங்கள், அல்லது ஊரில் ஒதுங்கி அரை நாள் காத்திருங்கள். வெயிலும் காற்றும் சேர்ந்தால் இந்த மண் ஆச்சரியப்படும் வேகத்தில் காய்ந்துவிடுகிறது. மறுநாள் காலை பத்து மணிக்கு அதே களிமண் ஓடுபோல் இறுகியிருந்தது.

மேய்ச்சல் நிலம் என்பதால் காவல் நாய்கள் உண்டு. மரெம்மா வகையைச் சேர்ந்த பெரிய வெள்ளை நாய்கள் அவை. ஆட்டு மந்தை சாலைக்கு அருகில் இருந்தால் குரைத்துக்கொண்டு ஓடிவரும். வேகமாக மிதித்துத் தப்பிக்க முயல்வது தவறு, ஓடும் எதையும் துரத்துவது அவற்றின் இயல்பு. இறங்கி, சைக்கிளை நமக்கும் நாய்க்கும் நடுவில் வைத்துக்கொண்டு, அமைதியான குரலில் பேசியபடி மந்தையைக் கடக்கும் வரை நடந்தால், தன் கடமை முடிந்தது என்று திரும்பிவிடுகின்றன. எங்களுக்கு இரண்டு முறை நேர்ந்தது. இரண்டு முறையும் இந்த வழி பலித்தது.

நான்காம் நாள் அஷானோவிலிருந்து தொடங்கும் மோந்தே ஸான்தே மரியே சாலையைத்தான் பந்தய ரசிகர்கள் தேடி வருகிறார்கள். பதினொன்றரை கிலோமீட்டர் நீளம். ஸ்த்ராதே பியாங்கேயை 2008, 2012, 2016 ஆகிய மூன்று ஆண்டுகளில் வென்ற ஃபேபியன் கான்செல்லாராவின் பெயரை இதற்குச் சூட்டியிருக்கிறார்கள். முகட்டின் மேலேயே சாலை போவதால் இருபுறமும் பள்ளம், மரமே இல்லை, நிழலே இல்லை. இறக்கங்கள் நேராகப் போய்ச் சட்டென்று அடுத்த சுவர் போன்ற ஏற்றத்தில் முடிகின்றன. கீழே போகும்போதே கியரைக் குறைத்துவிடாவிட்டால் நடுவில் நின்றுபோக நேரும். மீண்டும் புறப்பட அந்தச் சரிவில் பிடிமானம் கிடைக்காது. தொழில்முறை வீரர்கள் இங்கே மணிக்கு முப்பது கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் செல்வதைத் திரையில் பார்த்திருக்கிறேன். நாங்கள் மணிக்குப் பத்து கிலோமீட்டரில் போனோம், ஆறு இடங்களில் நின்று திரும்பிப் பார்த்தோம். ஒவ்வொரு முறையும் தெற்கே அமியாத்தா சற்றுச் சிறிதாகியிருந்தது.

காஸ்தெல்நுவோவோ பெரார்தெங்காவை அடைந்ததும் களிமண் முடிந்து மீண்டும் கியாந்தியின் கல் தொடங்குகிறது. கண்ணை மூடிக்கொண்டு வந்தாலும் இந்த எல்லையைச் சொல்லிவிடலாம்: கைப்பிடியில் மொத்தையாக இருந்த அதிர்வு, கூர்மையாகவும் நெருக்கமாகவும் மாறுகிறது. வாலியாலியை ஒட்டிய ஏற்றம் நான்காம் நாளின் களைத்த கால்களுக்குக் கொடுமையானது. ஒரே நாளில் முழு வட்டத்தையும் ஓட்டுபவர்கள் ஏறக்குறைய 170 கிலோமீட்டருக்குப் பிறகு இதைச் சந்திக்கிறார்கள் என்பதால், அவர்கள்மேல் எனக்கு மரியாதை உண்டு. பின்பற்றும் ஆசை இல்லை. அதற்குப் பின் ராத்தா வரை கொடித் தோட்டங்களும் காடும் மாறி மாறி வருகின்றன, அங்கிருந்து கயோலேக்கு இறக்கம்.

வழிகாட்டிப் பலகைகளை மட்டும் நம்பிப் போக முடியாது. பெரும்பாலான சந்திப்புகளில் இருக்கின்றன. ஆனால் சியெனாவைச் சுற்றியும் முர்லோவுக்குப் பின்னும் சில இடங்களில் விழுந்தோ செடியால் மூடப்பட்டோ இருந்தன. பாதையின் ஜிபிஎஸ் கோப்பைக் கருவியில் ஏற்றிக்கொள்வது அவசியம். கயோலேக்கு ரயில் இல்லை. ரயிலில் வருபவர்கள் சியெனா, புவோன்கொன்வெந்தோ, அஷானோ ஆகிய மூன்று நிலையங்களில் எதிலிருந்தும் வட்டத்தைத் தொடங்கலாம். சைக்கிள் சின்னம் இட்ட வட்டார ரயில்களில் அதை ஏற்ற அனுமதி உண்டு. நான் மீண்டும் போனால் புவோன்கொன்வெந்தோவிலிருந்தே தொடங்குவேன். கால்கள் புதிதாக இருக்கும்போதே மொந்தால்சினோ ஏற்றம் வந்துவிடும், க்ரேத்தேவுக்கு மழை பார்த்து நாளைத் தேர்ந்தெடுக்கவும் முடியும்.

தண்ணீரைப் பொறுத்தவரை ஊர்களின் சதுக்கங்களில் பொதுக் குழாய்கள் இருக்கின்றன, ஆனால் ஊர்களுக்கிடையே எதுவும் இல்லை. ஆளுக்கு இரண்டு லிட்டர் கொள்ளும் குப்பிகள் வேண்டும். ஞாயிறு பிற்பகலிலும், வார நாள்களில் மதியம் ஒரு மணிக்குமேலும் சிற்றூர்க் கடைகள் மூடிவிடுகின்றன. ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் நிழலற்ற க்ரேத்தே மனிதர் போகும் இடமாக இருக்காது. இலையுதிர் காலத்தில் காட்டுப்பன்றி வேட்டை நடக்கும்போது காட்டுப் பகுதிகளில் பளிச்சென்ற நிறத்தில் உடை அணிந்து, எச்சரிக்கைப் பலகை வைத்த பாதைகளுக்குள் போகாமல் இருக்க வேண்டும். மே மாதத்தின் நடுப்பகுதியும் செப்டம்பரின் பிற்பகுதியுமே ஏற்ற காலம். பின்னதில் அறுவடை நடக்கும், டிராக்டர்கள் குறுகிய சாலைகளில் திராட்சையை ஏற்றிக்கொண்டு ஓடிக்கொண்டிருக்கும், அவற்றுக்கு ஒதுங்கி வழிவிட வேண்டியது நாம்தான்.

கயோலேயில் சைக்கிளைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன் சக்கரங்களைக் கழுவினோம். கவட்டின் உட்புறத்தில், விரல் போகாத இடத்தில், அஷானோவின் சாம்பல் களிமண் இன்னும் இறுகிக் கிடந்தது. அதன்மேல் கடைசி நாளின் வெள்ளைப் புழுதி படிந்திருந்தது. தம்பி குச்சியால் அதைப் பெயர்த்து எடுத்து, இரண்டு நிறமும் தெரிகிற ஒரு துண்டைக் காகிதத்தில் மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டான்.